மேல்மாடிக் கணக்கு

வருஷக் கூட்டத்துக்குக் கணக்கு எழுதச் சொன்னார்கள்.
எழுதுகிறேன்.

கையிருப்பு, தை முதலாம் நாள்:
பன்னிரண்டாயிரத்து நானூறு ரூபாய்.
ஒலிவாங்கி இரண்டு, அதிலொன்று இருமும்.
சுவரில் முட்டை அட்டை நூற்றுப் பதினெட்டு,
பேக்கரி ஜயதிலக்க மாத்தையா தந்தது.
அவருடைய போறணைக்கு மேலேதான் நாங்கள்.
விடியற்காலைச் செய்திக்குப்
பாண் வாசம் இருக்கும்,
பொகவந்தலாவையில் அதைக் கேட்பவர்களுக்குத் தெரியாது.

மாசியில் குரங்கு வந்து அன்டெனாவை வளைத்தது.
மூன்று நாள் நோர்வூட் பக்கம் கணீரென்று கேட்டதாம்,
கீழே பஸ் நிலையத்தில் கேட்கவில்லை.
மரியசூசை தண்ணீர்த் தாங்கியில் ஏறி நிமிர்த்தினான்.
அவனுக்குச் சம்பளப் பாக்கி மூன்று மாதம்.

சித்திரையில் புஷ்பகாந்தி ஒரு நிகழ்ச்சி தொடங்கினாள்.
பெயர் 'இன்றைய நிறை'.
அந்தி நிறுவை முடிந்து வருகிறவர்கள் போன் எடுப்பார்கள்.
பறித்தது எத்தனை கிலோ, பேரில் விழுந்தது எத்தனை கிலோ.
அவ்வளவுதான். பாட்டு இல்லை, கருத்துரை இல்லை.
"பதினெட்டு. பதினாலு எழுதுனாங்க."
"சாக்குக்கு ரெண்டு, ஈரத்துக்கு மூணு."
"இன்னைக்கு நல்ல வெயிலுங்க. ஈரத்துக்கு அப்பவும் மூணு."
கடைசிக் குரல் சிரித்தது.
அந்தச் சிரிப்பை வரவில் போடுவதா செலவில் போடுவதா
இன்னும் தீர்மானிக்கவில்லை.

வைகாசியில் உரக்கடை விளம்பரம் நின்றது.
ஆனியில் நகைக்கடை.
"வியாபாரம் டல் தம்பி" என்றார் முதலாளி,
புதுக் கண்ணாடி அலுமாரியைத் துடைத்துக்கொண்டே.
ஆடியில் கொழும்பிலிருந்து கடிதம்,
சிங்களத்தில், மூன்று பக்கம்.
மாத்தையாவின் மகள்
கையில் மா ஒட்டியபடியே வாசித்துச் சொன்னாள்:
"புதுப்பிக்க வேணும் எண்டு இருக்கு.
புதுப்பிக்க ஏலாது எண்டும் இருக்கு.
ரெண்டும் மரியாதையாத்தான் எழுதியிருக்கு."

அப்புறம் ஒரு பக்கம் வெறுமை.
அந்த மாதங்களில் நான் பற்றுச்சீட்டு வாங்கவில்லை.
மின்சாரக் கட்டணத்துக்குப்
புஷ்பகாந்தியின் தோடு அடகுக்குப் போனது.
எழுதக்கூடாது என்றாள்.

உதவி தர வந்தவர்கள் கேட்டார்கள்,
எத்தனை நேயர், எந்த வயது, வரைபடம் உண்டா.
லயத்தில் ஒரு ரேடியோ பாடினால் ஆறு காம்பரா கேட்கும்,
மலைக்கு அந்தப் பக்கம் கேட்காது என்றேன்.
தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்கள்.

கார்த்திகை ஒன்பது, இரவு ஒன்பது நாற்பது.
நான்கு நாள் மழை.
எந்த லயத்து ஆட்கள் பள்ளிக்கூடத்துக்கு ஏற வேண்டும் என்று
இருதயமேரி வாசித்துக்கொண்டிருந்தாள்,
இரண்டாவது பெயரில் மின்சாரம் போனது.
ஜெனரேட்டரை இழுக்க இழுக்கப் புகைதான் வந்தது.
பதினொரு நிமிடம்
எங்கள் அலைவரிசையில் வெறும் இரைச்சல்.

அந்தப் பதினொரு நிமிடத்தில்
இருந்த மூன்று போனும் சேர்ந்து
அறுபத்து மூன்று தரம் அடித்தன.
"பாதியில நிப்பாட்டிட்டீங்க, எந்த லயம்னு சொல்லல."
"மேரியக்காவுக்கு ஒன்னும் இல்லையே?"
"சும்மாதான். சத்தம் வரல, அதான்."
மேரி இருட்டில் நின்று
ஒவ்வொரு போனுக்கும் முழுப் பட்டியலையும் சொன்னாள்,
அவசரப்படாமல், வானொலிக் குரலிலேயே.
மலைக்கு அந்தப் பக்கமிருந்தும் ஒரு பெண்.
"எங்க வீட்டுல எடுக்காது.
நான் தினமும் வளைவுக்கு வந்து நின்னுதான் கேக்குறது.
இப்பவும் வளைவுலதான் நிக்கிறேன்."

விடிந்தபோது மூன்றாம் நம்பர் லயத்தின் பின்சுவர்
மண்ணுக்குள் கிடந்தது.
உள்ளே ஆள் இல்லை. கூரையில் ஒரு சேவல்.

கையிருப்பு, மார்கழி முப்பத்தொன்று:
மூவாயிரத்து நூற்றிருபது ரூபாய்.
கடன் விபரம் தனித் தாளில்.
நேயர் எண்ணிக்கை என்ற கட்டத்தில்
போன வருஷம் கோடு போட்டிருந்தேன்.
இந்த வருஷம் அறுபத்து மூன்று.
ஒலிவாங்கி இரண்டு.
இரண்டும் இருமுகின்றன.